உடல் பருமனும் இதயத்தின் எரிபொருளும்: எந்த வழியை எடுப்பது?

வயது 45. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 85 கிலோ, இடுப்பில் நாடா பிடித்தால் 102 சென்டிமீட்டர். எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயம் சுருங்கும் திறன் 60 சதவீதம், அதாவது நார்மல். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று இருக்கிறது, அதாவது சுருங்கிய இதயம் தளர்ந்து விரிவதில் லேசான தடுமாற்றம். இரண்டாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மதுரை கோரிப்பாளையத்தில் என் மெடிக்கல் ஷாப்புக்கு இந்த மாதிரி ரிப்போர்ட்டோடு வருபவர்கள் நிறையப் பேர். எண்கள் முன்னே பின்னே இருக்கும், கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, சாப்பாட்டைக் குறைச்சாப் போதுமா, நடக்கணுமா, மாத்திரை எடுக்கணுமா, இல்ல இப்ப வந்திருக்கிற ஊசியப் போட்டுக்கிறலாமா?” ஒரு சிலர் ஆபரேஷன் வரைக்கும் விசாரித்துவிட்டு வருகிறார்கள்.

எதில் எத்தனை கிலோ குறையும் என்று மட்டும் பார்த்து இதை முடிவு செய்தால் பாதிக் கணக்குதான் பார்த்ததாகும். இதயத் தசைக்குள் எரிபொருள் எப்படி எரிகிறது, அந்த எரிப்பை எந்த வழி சீர்செய்கிறது என்பது மீதிப் பாதி. அதைத் தெரிந்துகொண்டால் சில வழிகளின் மேல் இருக்கும் மோகமும் குறையும், சில வழிகளின் மேல் இருக்கும் பயமும் குறையும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இதயம் எதை எரித்து ஓடுகிறது

இதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தசை. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்புக்குத் தேவையான சக்தியைத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. இதயம் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபி சுமார் 6 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் சொந்த எடையைப்போல இருபது மடங்கு. ஆனால் கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் வரும். நொடிக்கு நொடி புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடத்தை, சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

நலமாக இருக்கும் இதயம் எரிபொருளில் இதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காது. சும்மா இருக்கும்போது பெரும்பங்கு, 60 முதல் 70 சதவீதம் வரை, கொழுப்பு அமிலத்தில் ஓடும். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், உடனே குளுக்கோஸ் பக்கம் சாயும். ஓடினால் கால் தசைகள் வெளியேற்றும் லாக்டேட்டை எடுத்துக்கொள்ளும். பட்டினியில், கொழுப்பிலிருந்து ஈரல் தயாரிக்கும் கீட்டோனையும் எரிக்கும். நேரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் இந்தத் திறமையில்தான் அதன் ஆரோக்கியம் இருக்கிறது.

வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது முதலில் அடிபடுவது இந்தத் திறமை. நிரம்பி வழியும் கொழுப்புத் திசு இரத்தத்தில் கொழுப்பு அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் சொல்லை அது கேட்பதில்லை. இதயத் தசையும் வந்ததையெல்லாம் உள்ளே வாங்கிப் போடுகிறது. கொழுப்பு அதிகமாக எரியும்போது குளுக்கோஸ் எரிவது தானாகவே தடைபடும். பிரிட்டனைச் சேர்ந்த ஃபிலிப் ராண்டிலும் அவருடைய சகாக்களும் 1963லேயே இதை விளக்கிவிட்டார்கள். ஆக, சாப்பிட்ட பிறகும் இதயத்தால் குளுக்கோஸுக்கு மாற முடிவதில்லை. ஓட்டலில் கேஸ் அடுப்பு இருந்தும் நாள் முழுக்க விறகு அடுப்பிலேயே சமைக்கிற நிலைமை இது. தீ நன்றாகத்தான் எரியும், ஆனால் காற்று அதிகம் கேட்கும், கரியும் படியும். கொழுப்பை எரித்து ஏடிபி எடுக்க, குளுக்கோஸை எரிப்பதைவிடச் சுமார் 10 சதவீதம் ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். உடல் பருமனான இளம் பெண்களை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்களுடைய இதயம் அதிக ஆக்சிஜனைச் செலவழித்தும் அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அவர்கள் யாரும் இதய நோயாளிகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, எரித்தது போக மிஞ்சுவது. உள்ளே வந்த கொழுப்பு அத்தனையையும் எரிக்க முடியாது. மிச்சம் சிறு துளிகளாகச் செல்லுக்குள் தங்கும். துளிகளாக இருக்கும் வரை பெரிய தொந்தரவில்லை. அதிலிருந்து உண்டாகும் செராமைடு, டைஅசைல்கிளிசரால் போன்ற பொருட்கள்தான் இன்சுலின் வேலையை மேலும் கெடுத்து, மைட்டோகாண்ட்ரியாவையும் காயப்படுத்துகின்றன.

மூன்றாவதுதான் மாடிப்படி மூச்சு வாங்கலுக்குப் பதில். தயாரான சக்தியை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து தசை நார் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கிரியேட்டின் பாஸ்பேட். அதற்கும் ஏடிபிக்கும் உள்ள விகிதத்தை ஒரு விசேஷமான எம்ஆர்ஐ மூலம், ஊசி குத்தாமலே அளக்கலாம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் பல வருஷமாக இதை அளந்துவருகிறார்கள். பருமனானவர்களுக்கு, எக்கோ நார்மலாக இருந்தாலும், இந்த விகிதம் குறைவாக இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது இதயம் கொண்டுசெல்லும் வேகத்தைக் கூட்டிச் சமாளித்துவிடுகிறது. மருந்து கொடுத்து இதயத் துடிப்பை ஏற்றினால், அதற்கு மேல் கூட்ட அதனிடம் மிச்சம் இல்லை. படுத்த நிலையில் எடுக்கிற எக்கோ ஏன் நார்மலாக வருகிறது, மாடி ஏறினால் ஏன் இரைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

கிரேடு 1 சமாச்சாரமும் இதில் வருகிறது. இதயம் சுருங்கத்தான் சக்தி வேண்டும், விரிவது தானாக நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விரிவதற்கும் ஏடிபி வேண்டும். சுருங்கிய தசை தளர வேண்டுமானால் செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தைப் பம்ப் செய்து ஒதுக்க வேண்டும், அந்த பம்புக்குச் சக்தி தாராளமாக வேண்டும். சக்தியில் துண்டு விழுந்தால் முதலில் தளர்வதுதான் தடுமாறும். வயது ஏறினாலே கிரேடு 1 வருவது சகஜம்தான், அந்த ஒரு வரியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் 45 வயதில், தொப்பையோடும் மூச்சு வாங்கலோடும் சேர்ந்து வந்தால் அசட்டை செய்யக்கூடாது.

நல்ல சேதி, இதே ஆக்ஸ்போர்டுக்காரர்கள், மேற்பார்வையில் எடையைக் குறைத்தவர்களை மறுபடி அளந்தபோது அந்த விகிதம் மேலேறியிருந்தது. தளர்வதும் சீரானது. திரும்பக்கூடிய பழுது இது. சரி, எந்த வழியாகத் திரும்புவது?

சாப்பாடு: வேகம்தான் ஆபத்து

முதல் வழி, செலவில்லாத வழி. ஆனால் மக்கள் மிகவும் அவசரப்படுவதும் இதில்தான். ‘பத்தே நாளில் ஐந்து கிலோ’ என்று ஜூஸை மட்டும் குடிப்பது, ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்துவது. உடம்பைத் திடீரென்று பட்டினி போட்டால் கொழுப்புத் திசு கொழுப்பு அமிலத்தை மொத்தமாக இரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் அதை வாங்கிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 600 முதல் 800 கலோரி மட்டும் கொடுத்து எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். முதல் வாரத்தில் தொப்பையிலும் ஈரலிலும் கொழுப்பு குறைந்தது, இதயத்துக்குள் கொழுப்பு கூடியது, இதயத்தின் வேலையும் சற்று மந்தமானது. எட்டாவது வாரத்தில் எல்லாம் சீராகி, தொடங்கியபோது இருந்ததைவிட நல்ல நிலைக்கு வந்தது. ஆகவே தொடர்ந்து, டாக்டர் பார்வையில் செய்தால் பலன் உண்டு. ஒரு வாரம் பட்டினி, அடுத்த வாரம் விருந்து, மறுபடி பட்டினி என்று செய்பவர் அந்த மோசமான முதல் வாரத்தையே திரும்பத் திரும்ப வாழ்கிறார். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் தன்னிஷ்டத்துக்கு இதைச் செய்யவே கூடாது.

பேலியோவைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அரிசியை நிறுத்திவிட்டு முட்டை, கறி, பாதாம், நெய் என்று மாறியவர்களுக்குச் சில மாதங்களில் எடையும் சர்க்கரையும் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. இதயத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆரோக்கியமான ஆண்களுக்கு ஐந்தே நாள், சக்தியில் முக்கால் பங்கு கொழுப்பாக இருக்கும் உணவைக் கொடுத்துப் பார்த்ததில், மேலே சொன்ன கிரியேட்டின் பாஸ்பேட் விகிதம் சுமார் 9 சதவீதம் இறங்கியது. எடை குறைந்துகொண்டே போகும் மாதங்களில் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் எடை நின்ற பிறகும் அதே கொழுப்பை வருஷக்கணக்கில் தொடர்வதற்கு, அதுவும் கெட்ட கொழுப்பு எகிறுவதைப் பார்த்துக்கொண்டே தொடர்வதற்கு, நான் யாருக்கும் தலையாட்ட மாட்டேன். பேலியோவில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது எல்டிஎல் எனும் அந்தக் கெட்ட கொழுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு எதைக் குறைப்பது? நம் ஊரில் விடை அனேகமாக ராத்திரியில் இருக்கிறது. சராசரி இந்தியத் தட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. மதுரையில் அது காலை இட்லி, மதியம் சோறு என்று போய், ராத்திரி பத்தரைக்கு மேல் கடையை அடைத்துவிட்டு மூன்று பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட் என்று முடிகிறது. அந்த ஒரு வேளையிலேயே ஆயிரம் கலோரி சாதாரணமாக ஏறிவிடும். சாப்பிட்ட கையோடு படுத்தால் எரிக்கத் தசைகளுக்கு வேலையும் இல்லை. மைதாவும் எண்ணெயும் சேர்ந்து வருவதால் சர்க்கரையும் கொழுப்பும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் நிற்கின்றன, எதை எரிப்பது என்று தடுமாறும் இதயத்துக்கு இதைவிடச் சிரமமான நேரம் இல்லை. மாசி வீதிகளில் கடை வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது, ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை, எட்டு மணிக்குக் கடையிலேயே முடித்துவிடுங்கள் என்பதுதான். வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டில் சோறு ஒரு கரண்டி, பொரியலும் சுண்டலும் இரண்டு பங்கு. பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் விளையும் குதிரைவாலியைச் சோற்றுக்குப் பதிலாக வைப்பதும் நல்லதுதான், ஆனால் சிறுதானியம் என்ற பெயரில் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் லாபம் இல்லை. அயிரை மீன் குழம்பைக் குறைக்கச் சொல்லி யாரையும் நான் வருத்தியதில்லை. அதோடு சேரும் சோற்றைத்தான் பார்க்க வேண்டும். ஜிகர்தண்டா வாரத்துக்கு ஒன்று போதும்.

இந்த வழியில் பெரும்பாலோருக்குக் குறைவது உடல் எடையில் ஐந்து முதல் எட்டு சதவீதம். 85 கிலோக்காரருக்கு நாலைந்து கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை. பெரிதாகத் தோன்றாது. ஆனால் முதலில் கரைவது ஈரலிலும் குடலைச் சுற்றியும் இருக்கும் கொழுப்பு என்பதால், இதயத்துக்கு வந்துகொண்டிருக்கும் கொழுப்பு வரத்து எடைக்கு மிஞ்சிய அளவில் குறைகிறது.

நடை: தராசு காட்டாத லாபம்

நடந்தும் எடை குறையவில்லை என்று பாதியில் விட்டவர்கள் ஏராளம். உண்மைதான், நடையால் மட்டும் கிலோ அதிகம் குறையாது. ஒரு மணி நேரம் வேகமாக நடந்து கரைத்ததை ஒரு பரோட்டா ஈடுகட்டிவிடும்.

ஆனால் இதயத்தின் கணக்கில் நடைக்கு நான் கொடுக்கும் இடம் பெரியது. காரணம், கால் தசைகள்தான் உடம்பிலேயே பெரிய எரிப்பிடம். அவை வேலை செய்யும்போது இரத்தத்தில் திரியும் கொழுப்பு அமிலத்தையும் குளுக்கோஸையும் இழுத்துக்கொள்கின்றன, குளுக்கோஸை இழுக்க இன்சுலினைக்கூட எதிர்பார்ப்பதில்லை. இதயத்துக்கு வந்து குவியும் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. இதயத்தின் மேல் போர்வையாகப் படியும் கொழுப்பும் உடற்பயிற்சியில் குறைகிறது. எரிபொருள் மாற்றும் திறமையும் மீள்கிறது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4. வாழ்க்கை முறையை மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான் இதில் என்னைக் கவர்ந்தது. தராசு நகராமலே உள்ளே நல்லது நடந்திருக்கிறது.

எதிர்ப்பக்கச் சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5,145 பேரை வைத்து நடந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிரமான உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்தும், சுமார் பத்து வருஷத்தில் மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கை குறையவில்லை. 2012இல் நிறுத்திவிட்டார்கள். முதல் வருஷம் 8.6 சதவீதம் குறைந்த எடை, முடிவில் 6 சதவீதத்தில் நின்றது. பின்னர் அலசியபோது, முதல் வருஷத்திலேயே 10 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. ஆகவே நடை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூச்சு வாங்கல் தீரவும், சர்க்கரை தள்ளிப்போகவும் நடை போதும். மாரடைப்பு வந்து போனவருக்கு அது மட்டும் போதாது.

நடக்க மதுரையில் இடத்துக்குக் குறையில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி, ரேஸ்கோர்ஸில், வண்டியூர் கண்மாய்க் கரையில், திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் விடியும்முன் கூட்டம் இருக்கும். பங்குனி, சித்திரையில் ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். நெஞ்சில் அழுத்தம் வருகிறது என்பவர் முதலில் ஈசிஜி எடுத்துவிட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

மாத்திரை

மெட்ஃபார்மின் எடைக்கான மருந்து அல்ல. ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் அதிகம். சர்க்கரை இருந்தால் எடுக்கலாம், இதயத்துக்காக என்று தனியாக வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. 2015இல் வந்த எம்பா-ரெக் ஆய்வில், இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இதய நோய்ச் சாவு 38 சதவீதம் குறைந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. எடை குறைவது இரண்டு மூன்று கிலோதான். பிறகு எப்படி இவ்வளவு பலன் என்று யோசித்தவர்கள், இந்த மாத்திரை கீட்டோனைச் சற்றே கூட்டுகிறது, அது இதயத்துக்குச் சிக்கனமான எரிபொருளாகிறது என்றார்கள். கேட்க அழகான விளக்கம். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் எம்பாக்ளிஃப்ளோசின் கொடுத்து அதே எம்ஆர்ஐ முறையில் அளந்து 2023இல் வெளியிட்டபோது, சக்தி விகிதத்தில் மாற்றம் இல்லை. பலன் உண்மை, அந்த விளக்கம் உறுதியாகவில்லை. உப்பும் நீரும் வெளியேறுவது, சிறுநீரகம் காப்பாற்றப்படுவது ஆகியவற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரிலும், எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்ததால் விலை நன்றாக இறங்கிவிட்டது. சர்க்கரையோ இதயச் செயலிழப்போ இருப்பவருக்கு, கொடுக்கும் காசுக்கு இதைவிடப் பலன் தரும் மருந்து இந்த வரிசையில் இல்லை என்பது என் கருத்து. இரண்டும் இல்லாமல் எடைக்காக மட்டும் எடுப்பது வீண். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் குறையக்கூடாது. விரதம், வாந்தி பேதி, ஆபரேஷன் என்றால் எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி

செமாக்ளுடைடு, டிர்செபடைடு. பசியை அடக்கி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் வார ஊசிகள். 2021இல் வந்த ஆய்வில் செமாக்ளுடைடு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. டிர்செபடைடின் உயர்ந்த அளவு 72 வாரத்தில் 20.9. இதயத்துக்கான ஆதாரமும் இருக்கிறது: சர்க்கரை இல்லாத, ஆனால் இதய நோய் உள்ள 17,604 பேருக்கு நடந்து 2023இல் வெளியான செலெக்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தது. நம் உதாரணத்து 45 வயதுக்காரரின் தொந்தரவுக்கு இன்னும் நெருக்கமானது அதே வருஷம் வந்த மற்றோர் ஆய்வு. சுருங்கும் திறன் நன்றாக இருந்தும் விரிவதில் பழுதான, பருமனான இதய நோயாளிகளுக்குச் செமாக்ளுடைடு கொடுத்தபோது மூச்சு வாங்கலும் சோர்வும் தெளிவாகக் குறைந்தன, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சுமார் 20 மீட்டர் கூடியது. அவர்கள் நோய் முற்றியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. கிரேடு 1 என்ற ஒரு வரிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

இனி, கடைக்காரனாக நான் பார்ப்பது. டிர்செபடைடு 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று. மாதம் 14,000க்குக் குறையாமல் ஆனது. செமாக்ளுடைடின் காப்புரிமைக் கெடு இந்தியாவில் 2026 மார்ச் வரைதான், அதற்குப் பிறகு உள்ளூர்க் கம்பெனிகளுக்கு வழி திறப்பதால் விலை இறங்க இடம் உண்டு. ஆனால் விலை பாதியானாலும் எத்தனை மாதம் என்ற கேள்வி இருக்கிறது. நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று செமாக்ளுடைடு ஆய்வின் தொடர்ச்சியிலேயே வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொள்கிறேன் என்று வருபவர்களை நான் டாக்டரிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். சீட்டு இல்லாமல் கொடுப்பதும் இல்லை.

குறையும் எடையில் ஒரு பங்கு தசை. நடை பகுதியில் சொன்ன அந்த எரிப்பிடமே சுருங்கினால் நஷ்டம் நமக்குத்தான். ஆகவே ஊசி போடுபவர் முட்டை, மீன், பயறு, மொச்சை என்று புரதத்தைக் கூட்டி, தசைப் பயிற்சியும் செய்தே ஆக வேண்டும். குமட்டல், மலச்சிக்கல் சாதாரணம், பித்தப்பைக் கல் வரலாம். தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இந்த ஊசி கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கும் கூடாது.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு அக்கா, எவர்சில்வர் தூக்குவாளியில் ஐஸ்கட்டி போட்டு அதற்குள் ஊசியைச் சொருகிக்கொண்டு பஸ் ஏறப் போனார். “அக்கா, ஐஸ் நேரா ஒட்டக்கூடாது. உறைஞ்சுபோனா மருந்து வீண்” என்று சொல்லி, துணியில் சுற்றி, நடுவில் அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தேன். வீட்டில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

ஆபரேஷன்

இரைப்பையைச் சுருக்கும் அறுவை என்றதும் பணக்காரர் விஷயம், அழகுக்குச் செய்வது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. நீடித்த ஆதாரம் இதற்குத்தான் அதிகம். 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களின் இதய நோய்ச் சாவு, செய்யாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ பாதியாக இருந்தது. சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்த ஆய்வல்ல அது, என்றாலும் இத்தனை வருஷம் பின்தொடர்ந்த வேறு ஆய்வு அரிது. எடை 25 முதல் 30 சதவீதம் குறையும், பெரும்பகுதி வருஷக்கணக்கில் நிற்கும்.

பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 37, சர்க்கரை, குறட்டை, முட்டிவலி என்று எல்லாம் சேர்ந்திருப்பவர் பத்து வருஷம் டயட்டிலும் ஊசியிலும் அலைவதைவிட இதை நேராக விசாரிப்பது நல்லது. 2020 அக்டோபர் முதல் இந்திய மருத்துவக் காப்பீட்டு விதிகளின்படி, பிஎம்ஐ 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கடுமையான இணை நோயும் இருந்தால் இந்த அறுவைக்குக் காப்பீடு கேட்கலாம். பாலிசியை எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள். இரும்பு, பி12, வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் விடாமல் எடுப்பேன் என்ற உறுதி இருந்தால் மட்டும் போங்கள். பிஎம்ஐ 31 உள்ள நம் 45 வயதுக்காரருக்கு இது இப்போது தேவையில்லை.

அப்படியானால் யாருக்கு எது

அவருக்குச் சர்க்கரை இல்லை, மாரடைப்பு வந்ததில்லை என்றால், நான் சொல்வது ராத்திரிச் சாப்பாடும் காலை நடையும்தான். ஆறு மாதம். குறி வைக்க வேண்டியது 85இல் 10 சதவீதம், எட்டரை கிலோ. அது கிட்டாமல் ஐந்து கிலோவில் நின்றாலும், இடுப்பளவு ஆறேழு சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு மாடி ஏறியும் பேச முடிந்தால் அதே வழியில் தொடரலாம். நம் ஆட்களுக்கு பிஎம்ஐ 25லேயே பருமன் தொடங்கிவிடுகிறது, இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதனால் கிலோவைவிட நாடாவை நம்புங்கள்.

சர்க்கரை இருந்தால் அதே இரண்டோடு டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரோ ஸ்டென்ட் வைத்தவரோ, அதோடு பிஎம்ஐயும் 27க்கு மேல் இருப்பவர் என்றால் ஊசிக்கு வலுவான நியாயம் இருக்கிறது, காசு இருந்தால் தயங்க வேண்டாம். அங்கே சாப்பாடு மட்டும் போதும் என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

எதைத் தேர்ந்தெடுக்கும் முன்னும் சில பரிசோதனைகள் முக்கியம். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), தைராய்டு, கொழுப்புப் பட்டியல், இரத்த அழுத்தம். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை, ஏனென்றால் ராத்திரி முழுக்க ஆக்சிஜன் இறங்கி ஏறினால் எந்த எரிபொருளும் சரியாக எரியாது. மூச்சு வாங்கலுக்கு பிஎன்பி என்ற, இதயம் திணறினால் அளவு ஏறும் இரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பருமனானவர்களுக்கு அது இயல்பாகவே குறைவாகக் காட்டும். நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகி விட்டுவிடாமல், மாடி ஏறினால் என்ன ஆகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் காண்பிப்பவர் பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோனால், இரண்டையும் பக்கத்தில் வைத்து டாக்டரால் ஒப்பிட முடியும்.